நாற்பத்தொரு கைகளும் ஒரு மௌஸும்

சென்ற மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்குக் கவிதா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, மலேசியாவின் தென்கோடியில் உள்ள பாசிர் கூடாங் தொழிற்சாலையில் என் இருக்கைக்கு வந்தவள். பாதுகாப்பு, சுகாதாரக் குழுவின் இப்போதைய செயலாளர். பழைய இரும்பு அலமாரியைக் காலி செய்தபோது ஒரு கோப்பு கிடைத்ததாம்.

"அண்ணே, 'கணினி மௌஸ் தேர்வு'ன்னு போட்டிருக்கு. நூத்திருவது பக்கம். உள்ள பூரா கை கையா வரைஞ்சிருக்கு. ஏதாச்சும் போலீஸ் கேஸா?"

கேஸ் இல்லை என்றேன். இப்போதெல்லாம் கை வலிக்கிறவர் கைப்பேசியில் படத்தைப் பார்த்து மௌஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாம் நாள் மேசைக்கு வந்துவிடுகிறதாம். முன்பு எப்படி நடந்தது என்று அலுவலகச் செய்திமடலுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டாள். ஒரு பக்கம் போதாது. அந்த ஆண்டின் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். டைரியில் இல்லாத செய்தி வரும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

லாபிஸில் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்து, மாசாயில் அக்கா வீட்டில் தங்கி, அந்தத் தொழிற்சாலையில் கிடங்கு எழுத்தராகச் சேர்ந்தேன். முப்பத்தொரு ஆண்டுகள். கடைசிப் பதினோரு ஆண்டுகள் பாதுகாப்புக் குழுச் செயலாளர் வேலையும் என் தலையில் விழுந்தது. அதற்கான பயிற்சி ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள். முதல் நாள் தீயணைப்பு. இரண்டாம் நாள் பிரியாணிக்குப் பிறகு, நாற்காலியில் எப்படி உட்காருவது, மௌஸை எப்படிப் பிடிப்பது என்று ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் விழித்திருந்தவன் நான் மட்டுமே. மணிக்கட்டு மேசையில் அழுந்தக் கூடாது, மௌஸ் கைக்குப் பெரிதாகவும் இருக்கக் கூடாது, சிறிதாகவும் இருக்கக் கூடாது என்று குறித்துக்கொண்டேன். கணினி மௌஸைப் பற்றி நான் பெற்ற கல்வி அவ்வளவுதான்.

நிர்வாக மேலாளர் ராஜசிங்கம் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பாட்டனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தகப்பனார் அரசாங்க உத்தியோகம், இவரும் பாதி வாழ்க்கை அரசாங்க உத்தியோகம். அதன் பிறகு எங்களிடம் வந்தார். குட்டையான ஆள், ஆனால் கை மட்டும் ஒரு முழு வாழைப்பூ அளவு இருக்கும். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிய பிறகே வாசிப்பார். வாசித்ததும் ஒரே சொல்: "ஆதாரம்?" கூட்டல், கழித்தல் எதுவானாலும் பென்சிலால் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்து, ஓரத்தில் சின்னதாகச் சரிக்குறி இடுவார். அவர் சரிக்குறி இடாத எண் எங்கள் தொழிற்சாலையில் எண்ணே இல்லை.

நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததற்கு மறு ஆண்டு, ஆகஸ்டு மாதம் மூன்றாம் வாரம் திங்கட்கிழமை, ஏற்றுமதிப் பிரிவு சாந்தா என் மேசைக்கு வந்தாள். கொள்கலன்கள் வெளியே போகும் சீட்டுகளைக் கணினியில் பதிவது அவள் வேலை. நாள் முழுக்க மௌஸ்தான். ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்தாள். கணவர் இறந்த பிறகு மாசாய் அடுக்குமாடியில் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிறவள். கிளினிக் டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினாள். 'நோயாளியின் கைக்குப் பொருத்தமான மௌஸ் தரவும்' என்று ஒரே வரி. சூடான டம்ளரைத் தொடுகிறவளைப்போல விரல்களை விரித்து அவள் மௌஸைப் பிடிப்பதை முன்பே கவனித்திருந்தேன். மணிக்கட்டில் கைக்குட்டை கட்டியிருந்தாள். தைல வாசனை வந்தது.

அவசரம் என்னவென்றும் அவளே சொன்னாள். வலியால் வேகம் குறைந்து தவறுகள் கூடிவிட்டன. டிசம்பர் பதினைந்தாம் தேதி ஒப்பந்தக்காரர்களில் யாரை வைத்துக்கொள்வது என்ற பட்டியல் மேலே போகும். அதற்குள் கை தேறாவிட்டால் அவள் பெயர் அதில் இராது.

சீட்டுக்குப் பெறுகை முத்திரை இட்டு, எண் கொடுத்து, அன்றே ராஜசிங்கம் சாரிடம் கொண்டுபோனேன். பெட்டாலிங் ஜெயா நகரத்து விற்பனையாளர் ஒருவரின் விலைப்பட்டியலும் வைத்திருந்தேன். கைகுலுக்குவதுபோல் பக்கவாட்டில் பிடிக்கிற வகை. மூன்று அளவுகளில் வரும். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து, பதினாறரை சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிறியது, பத்தொன்பதுக்கு மேலே என்றால் பெரியது, இடையில் நடுத்தரம். ஒரு மௌஸ், ஒரு கை, ஒரு அளவு. பதினைந்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"தேவராஜு, ஒருவருடைய கைக்கு வாங்கினால் அது சலுகை. எல்லாருடைய கைக்கும் வாங்கினால் அது கொள்கை. நாங்கள் சலுகை செய்வதில்லை."

அலுவலகத்தில் அவரையும் என்னையும் சேர்த்து நாற்பத்தொரு பேர். அத்தனை பேர் கையையும் தாளில் வரைந்து, அளந்து, சராசரி கண்டு, அந்தச் சராசரிக் கைக்குப் பொருந்தும் ஒரே அளவில் நாற்பத்தொரு மௌஸ் வாங்குவது என்று முடிவானது. ஆளுக்கு ஓர் அளவு என்றால் பெரிய மௌஸ் கிடைத்தவர் சிறிய மௌஸ்காரரைக் குறைவாகப் பார்க்கக்கூடும் என்றும் குறிப்பில் எழுதச் சொன்னார். ஒரு கை விடுபட்டாலும் கோப்பு நகராது. முதல் கையாகத் தம்முடையதை வைத்தார். தாளுக்கு வெளியே விரல் போனதால் இரண்டு தாள்களை ஒட்டி வரைந்தேன்.

தவறு என்னுடையது. செப்டம்பர் முதல் புதன்கிழமை, கிடங்கில் என் மேசையில் கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தியின் கையை அளந்துகொண்டிருந்தேன். மணிக்கட்டு மடிப்பைப் பார்க்கக் கையைத் திருப்பி விளக்குக்கு நேரே பிடிக்க வேண்டும். அந்த நேரம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனியாண்டி ஏதோ சாமான் எடுக்க உள்ளே வந்தான். "என்னாண்ணே, ரேகையா?" என்றான். "ஆமா, ஆயுசு கெட்டி" என்றேன், தலை நிமிராமல். பழைய புத்தகக் கடையில் வாங்கிய கைரேகைப் புத்தகம் ஒன்று என்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியும். கப்பல் கட்டுவது பற்றியும் தேனீ வளர்ப்பது பற்றியும் கூட என்னிடம் புத்தகம் உண்டு. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் செய்தி முழுமை பெற்றுவிட்டது. மேலிடம் ஆளைக் குறைக்கப் போகிறது. யாருடைய கையில் வேலை நிலைக்கும் என்று தேவராஜு அண்ணனை வைத்துப் பார்க்கிறார்கள். அதைத்தான் மேலாளர் 'அளவெடுப்பு' என்று மரியாதையாகச் சொல்கிறார்.

மறுநாள் காலை கிடங்குக்கு வெளியே வரிசை. நாற்பத்தொரு பேர் மட்டும் இல்லை, கணினியைத் தொட்டே அறியாத பொட்டலப் பகுதிப் பெண்களும் நின்றார்கள். ஓர் அம்மா தன் மகளின் உள்ளங்கையைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்திருந்தார்; மாப்பிள்ளை கோலாலம்பூர்ப் பக்கமா சிங்கப்பூர்ப் பக்கமா என்று மட்டும் சொன்னால் போதுமாம். சம்பளப் பிரிவு ரொஹானா அக்கா, தங்கள் மார்க்கத்தில் இதெல்லாம் கூடாது, அதனால் வரைந்துகொள்ளுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கண்டிப்பாகக் கூறிக் கையை நீட்டினார். அப்படியே செய்தேன். மறுநாள் வந்து, நான் சொல்லாமல் விட்டது நல்லதா கெட்டதா என்று மட்டும் கேட்டார்.

இது ரேகை இல்லை, மௌஸுக்கு அளவு என்று முதல் நாள் பதினான்கு பேரிடம் விளக்கினேன். எண்ணித்தான் எழுதியிருக்கிறேன். பதினான்கு பேரும் புரிந்தது என்று தலையாட்டிவிட்டு, "சரிண்ணே, வெளிய சொல்லல. நமக்கு எப்படி?" என்றார்கள். இரண்டாம் நாள் விளக்குவதை விட்டேன். "நல்ல கை" என்று சொல்லத் தொடங்கினேன். வரிசை வேகமாக நகர்ந்தது.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை நாற்பது கைகள் முடிந்திருந்தன. பாக்கி சாந்தா ஒருத்தி. யாருக்காக இவ்வளவும் தொடங்கியதோ அவளே வரவில்லை. அன்று சாயங்காலம் வந்தாள், கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு.

"அண்ணே, அந்த டாக்டர் லெட்டரக் கொடுத்துடுங்க. கை சரியாயிடுச்சி."

சரியாகவில்லை. தண்ணீர்ப் புட்டியின் மூடியைப் பல்லால் திறந்ததை அன்று மதியம்தான் பார்த்தேன். கை கெட்டவர்களின் பெயரைத்தான் முதலில் எடுக்கப் போகிறார்கள் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெறுகை முத்திரை விழுந்த கடிதத்தைத் திருப்பித் தர முடியாது என்றேன். கொள்முதல் அக்டோபர் மூன்றாம் திங்கட்கிழமையோடு மூடப்படும், அதற்குள் கோப்பு போகாவிட்டால் ஜனவரிதான் என்றும் சொன்னேன். டிசம்பருக்கு அப்புறம் ஜனவரி எதற்கு என்பது அவளுக்கே தெரியும். ஆனாலும் கையை வெளியே எடுக்கவில்லை.

"அளந்து பார்த்து வேலைக்கு ஆவாதுன்னு எழுதிட்டீங்கன்னா?"

பாதுகாப்பு, விதிமுறை, மணிக்கட்டு நரம்பு என்று நான் சொல்லக்கூடிய உண்மைகள் எவ்வளவோ இருந்தன. எதற்கும் அந்தக் கை வெளியே வராது என்று தெரிந்தது. ஆகவே பொய் சொன்னேன். "வைம்மா. தூரத்திலிருந்தே தெரியுது. வேலை நிலைக்கிற கை அது" என்றேன். இது டைரியில் இல்லை.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தாளில் வைத்தாள். பதினைந்து புள்ளி எட்டு. நாற்பத்தொன்றில் ஆகச் சிறிய கை.

அன்றிரவு சராசரி போட்டேன். பதினெட்டு புள்ளி ஒன்று. நடுத்தர அளவு. அந்த மௌஸைச் சாந்தா பிடித்தால் இப்போதிருப்பதைவிட மோசம். அளந்த கையோடு, மாதிரிக்கு வந்த நடுத்தர மௌஸை அவளிடம் கொடுத்துப் பார்த்திருந்தேன், பலாக்காயைத் தழுவுவதுபோல் இருந்தது. இன்னொரு வேடிக்கையும் கவனித்தேன். நாற்பத்தொரு பேரில் ஒருவருக்குக்கூடப் பதினெட்டு புள்ளி ஒன்று இல்லை. அப்படி ஒரு கையே எங்கள் அலுவலகத்தில் கிடையாது.

ஆகவே பதினேழாம் பக்கத்தில், சராசரி என்ற கட்டத்தில், பதினாறு புள்ளி பூஜ்யம் என்று எழுதினேன். வேண்டுமென்றே தவறான எண் எழுதியது என் உத்தியோகத்தில் அது ஒரே முறை. மற்ற நாற்பது பேரை நினைக்காமல் இல்லை. அவர்களிடம் பழைய மௌஸ் இருக்கிறது, புதியதை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பழையதை வைத்துக்கொள்வார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கோப்பை ராஜசிங்கம் சார் மேசையில் வைத்துவிட்டுப் பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். கொள்முதல் மூடும் திங்களுக்கு முந்திய வியாழக்கிழமை, ஐந்து இருபதுக்கு, எல்லாரும் பேருந்துக்குப் போன பிறகு, அவர் கோப்போடு கிடங்குக்கு வந்தார். பென்சில் சட்டைப் பையில் இருந்தது. கூட்டலைப் போட்டுப் பார்த்துவிட்டார், இன்றோடு நான் முடிந்தேன் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் கதவைச் சாத்தினார். கோப்பை அட்டைப்பெட்டி மேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வலது கையைத் திருப்பி என் விளக்குக்கு நேரே நீட்டினார்.

"எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்றார்.

"தெரியும் சார்."

"எனக்குப் பதவி நீட்டிப்புக் கடிதம் வர வேண்டும். இன்னும் வரவில்லை. வருமா என்று மட்டும் சொல்லும்."

வரிசையில் நின்று என்னிடம் கை நீட்டியவர்களிடம் பார்த்த அதே முகம். அறுபது வயதைத் தாண்டியவர், என்னிடம் உத்தியோகத்தில் ஆயிரம் முறை 'ஆதாரம்' கேட்டவர். அன்று கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கையைப் பிடித்தேன். கனமாக இருந்தது. நான் அதற்குமுன் யாருக்கும் உண்மையாக ரேகை பார்த்ததில்லை. புத்தகத்தில் படித்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. நினைவில் இருந்தது திங்கட்கிழமை மட்டும்தான்.

"சார், இந்தக் கையிலே ஒரு வேலை பாதியில நிக்குது. அது முடியாம அடுத்தது தெரிய மாட்டேங்குது" என்றேன்.

அவர் கையைப் பார்த்தார். பிறகு அட்டைப்பெட்டி மேல் இருந்த கோப்பைப் பார்த்தார்.

"எப்போதைக்குள் முடிக்க வேண்டும்?"

"திங்கட்கிழமைக்குள்ள, சார்."

அங்கேயே, நின்றபடியே, பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். பதினேழாம் பக்கத்தைத் திருப்பவில்லை. கவிதா வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்து ஓரத்தில் சரிக்குறி கிடையாது.

நவம்பர் முதல் வாரம் நாற்பத்தொரு சிறிய மௌஸ்கள் வந்து இறங்கின. நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. பழையவற்றை அன்றே திரும்பப் பெற்று, பெட்டியில் போட்டு, முத்திரை வைக்கும்படி ராஜசிங்கம் சார் உத்தரவிட்டார். இரண்டு மௌஸ் வைத்திருப்பது ஒழுங்கீனம். மறுநாள் முதல் அலுவலகத்தில் ஆண்கள் எல்லாம் எறும்பைப் பிடிக்கிறவர்களைப்போல இரண்டு விரலால் வேலை பார்த்தார்கள். ரொஹானா அக்கா தன் மௌஸை ரம்புத்தான் பழத்தோடு ஒப்பிட்டார். கணக்குப் பிரிவில் ஒருவர் அதைத் தொலைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடினார். அவர் உள்ளங்கைக்குள்தான் இருந்தது. முனியாண்டி தினமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ராஜசிங்கம் சார் மட்டும் முணுமுணுக்கவே இல்லை. தாம் கையெழுத்திட்ட பொருளை, அந்த வாழைப்பூக் கையால், ஒரு கடமையைப் போலப் பிடித்து நகர்த்தினார்.

டிசம்பர் முதல் வாரத்துக்குள் ஒன்பது பேர் கிளினிக் சீட்டுக் கொண்டுவந்தார்கள். ஒன்பதிலும் அதே வரி: கைக்குப் பொருத்தமான மௌஸ் தரவும். குழுவைக் கூட்டினோம். அளவுகள் முறைப்படி எடுக்கப்பட்டன, சராசரி முறைப்படி ஏற்கப்பட்டது, ஆகவே பிழை மௌஸிலும் இல்லை, கோப்பிலும் இல்லை என்று ராஜசிங்கம் சார் கூறினார். அன்றைய குறிப்பில் நான் எழுதி, அவர் ஒப்பமிட்ட வாசகம் இது: 'அளவெடுப்புக்குப் பிறகு ஊழியர்களின் கைகள் வளர்ந்திருக்கக்கூடும். மறு அளவெடுப்புச் செய்யப்படும்.' கோப்பின் இரண்டாம் பாதி அப்படித்தான் உண்டானது. அந்த முறை ஆளுக்கு அவரவர் அளவு என்று எப்படியோ எழுதி வாங்கிவிட்டேன். வளர்கிற பொருளுக்குச் சராசரி எடுக்க முடியாது என்ற வாதம் அவருக்குப் பிடித்திருந்தது.

அவருக்கு ஆறு மாத நீட்டிப்புக் கிடைத்தது. கடிதம் வந்த அன்று கிடங்குப் பக்கம் வந்தார். நன்றி சொல்லவில்லை. மீதிக் காலத்துக்கு இடது கையைப் பார்க்க வேண்டுமா என்று மட்டும் விசாரித்தார். வேண்டாம் சார் என்றேன்.

சாந்தாவின் கைக்குட்டை நவம்பர் மூன்றாம் வாரத்தில் காணாமல் போனது. தைல வாசனை அடுத்த வாரம் நின்றது. தவறுகள் குறைந்ததை அவள் மேற்பார்வையாளரே என்னிடம் வந்து சொன்னார், ஏதோ நான்தான் அவள் கையில் உட்கார்ந்து பதிகிறேன் என்பதைப்போல. பதினைந்தாம் தேதி பட்டியல் மேலே போனது. இருபத்திரண்டாம் தேதி, சாப்பாட்டு நேரத்தில், புதுப்பித்த ஒப்பந்தக் கடிதத்தோடு கிடங்குக்கு வந்தாள். இரண்டு ஆண்டுகள். நான் முழுவதையும் வாசித்துவிட்டு, தேதி சரியாக இருக்கிறது என்றேன்.

"எல்லாரும் என்னத் திட்றாங்கண்ணே" என்றாள். "உன் ஒருத்தி கைக்காக ஊரே கையச் சுருக்கணுமான்னு. சராசரி எண்ண மாத்தினது நீங்கதானே?"

கடிதத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"அன்னிக்கி நீங்க என் கையப் பார்க்கவே இல்ல. ஸ்கேலத்தான் பார்த்தீங்க. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா பின்ன எதுக்கும்மா கைய வச்ச?"

கடிதத்தை நான்காக மடித்து, வலது கையாலேயே, கைப்பைக்குள் வைத்தாள்.

"ஆகஸ்டுலேர்ந்து யாரும் எனக்கு வேல இருக்குன்னு சொல்லல. பொய்யாச்சும் ஒருத்தங்க சொல்றாங்களேன்னு வச்சேன்" என்று சொல்லிவிட்டு, மணியாகிவிட்டதென்று ஏற்றுமதிப் பிரிவுக்குப் போய்விட்டாள்.